மில்ஸ் ஸ்லாட் மெஷின்: கைப்பிடி அசையாவிட்டால், ரீல் நிற்காவிட்டால், காசு விழாவிட்டால்

சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி 1931 முதல் செய்த மூன்று ரீல் ஸ்லாட் மெஷின்களை, அதாவது காசு போட்டுக் கைப்பிடி இழுத்து ஆடும் சூதாட்டக் கருவிகளை, பழுதுபார்க்கும் வழிமுறை இது. ரீல் என்பது படங்கள் ஒட்டிய சுழல் உருளை. வார் ஈகிள், கேசில் ஃப்ரண்ட், பிளாக் செர்ரி, கோல்டன் ஃபால்ஸ், ஹை டாப் என்று முகப்பு மாறிக்கொண்டே வந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் அடிப்படை மாறவில்லை. மின்சாரம் கிடையாது. கைப்பிடியை இழுக்கும் பலம் ஸ்பிரிங்குகளில் ஏறி, அதிலேயே ரீல் சுற்றி, நின்று, காசும் விழுகிறது. ஜென்னிங்ஸ், வாட்லிங், பேஸ் மெஷின்களிலும் வேலை இதே வரிசையில்தான் நடக்கும். பாகங்களின் வடிவமும் இடமும் வேறுபடும்.

ஓடாத மெஷினைத் திறந்ததும் உடைந்த பாகத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் உடைந்திருக்காது. காய்ந்து கோந்தாகிப்போன கிரீஸ், காசிலிருந்து உதிர்ந்த கறுப்பு அழுக்கு, ஒரு வளைந்த காசு, முன்பு வைத்திருந்தவர் அவசரத்தில் வளைத்துவிட்ட ஒரு தகடு: இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். சுத்தம் செய்து பார்க்காமல் எதையும் வளைக்கவும் கூடாது, அரம் போட்டு ராவவும் கூடாது. அழுக்கால் வந்த கோளாறைத் தகட்டை வளைத்துச் சரிசெய்தால், பிறகு யாராவது அழுக்கை எடுத்ததும் அந்த வளைவே புதுக் கோளாறாகிவிடும்.

ஒரு சுற்றின் வரிசை

கோளாறைப் பிடிக்க இந்த வரிசை மனதில் இருந்தால் போதும். காசு வாயில் போட்ட காசு, முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் எஸ்கலேட்டருக்கு (கடைசியாகப் போட்ட காசுகள் வரிசையாக நிற்கும் தடம்) வந்து உட்காரும். கைப்பிடியை இழுக்கத் தொடங்கியதும் ஒரு உணர்விரல் அந்தக் காசைத் தொட்டுப் பார்க்கும். காசு இருந்தால்தான் பூட்டு விலகும். இழுவையின் நடுப்பகுதியில் போன ஆட்டத்தில் நகர்ந்த பட்டுவாடா ஸ்லைடுகள் (பரிசுக் காசைக் கொட்டும் நகரும் தகடுகள்) பழைய இடத்துக்குத் தள்ளப்படும், நிறுத்துக் கைகள் ரீல்களை விட்டு விலகும், ரீல்கள் நிற்கும் நேரத்தை அளக்கும் கிளாக் (ஃபேன் என்ற சிறு இறக்கையால் வேகம் அடங்கும் ஸ்பிரிங் கடிகாரம்) முறுக்கேறும். இழுவையின் கடைசியில் கிக்கர் விடுபட்டு மூன்று ரீல்களையும் தள்ளிச் சுற்றவிடும். கிளாக் ஓட ஓட, இடமிருந்து வலமாக ஒவ்வொரு நிறுத்துக் கையும் விழுந்து, ரீலின் பக்கத்திலுள்ள நட்சத்திரச் சக்கரப் பள்ளத்தில் உட்காரும். மூன்றாவதும் நின்றபின் விரல்கள் ரீல் வட்டுகளில் உள்ள துளைகளைத் தடவிப் பார்க்கும். துளைகள் பொருந்தினால் அதற்குரிய ஸ்லைடு நகர்ந்து காசைத் தட்டில் கொட்டும்.

ஒரு படி முடியாமல் அடுத்த படி நடக்காது. ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது மெஷின் எந்தப் படியில் நின்றது என்பதைத்தான்.

இயந்திரத்தை வெளியே எடுக்க, பின்கதவைத் திறந்து காசுப் பெட்டியை எடுங்கள். இயந்திரத்தை அடிப்பலகையோடு பிடித்திருக்கும் தாழை விடுவித்து, தண்டவாளத்தில் நேராக உங்கள் பக்கம் இழுங்கள். கைப்பிடி முழுக்க மேலே, ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். பாதி இழுத்து நிற்கும் மெஷினில் ஸ்பிரிங்குகள் ஏறிய நிலையிலேயே இருக்கும்; அதில் விரலை விட்டால் கிக்கர் விரலை உடைக்கும். ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுமுன் இரண்டு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுவை ஒன்றாக இருக்காது.

கைப்பிடி அசையவே இல்லை

பின்கதவைத் திறந்து கிளாக்கைப் பாருங்கள். ஃபேன் பாதியில் நின்றிருந்தால் முந்தைய சுற்றே இன்னும் முடியவில்லை, அதனால்தான் மெஷின் அடுத்ததற்கு இடம் தரவில்லை. ஒரு குச்சியால் ஃபேனை மெல்லத் தொட்டு ஓடவிடுங்கள். ஓடி முடிந்ததும் கைப்பிடி விடுபட்டால் கோளாறு கிளாக்கில். கீழே அந்தப் பகுதிக்குப் போகலாம்.

கிளாக் ஓய்வில்தான் இருக்கிறது என்றால் காசு வழியைப் பாருங்கள். காசு உண்மையிலேயே எஸ்கலேட்டரில், உணர்விரலுக்கு நேராக வந்து உட்கார்ந்ததா? வராவிட்டால் வாய்க்கும் எஸ்கலேட்டருக்கும் நடுவில் எங்கோ சிக்கியிருக்கிறது. வந்தும் பூட்டு விலகாவிட்டால் உணர்விரலின் அச்சு கோந்தில் ஒட்டியிருக்கலாம். கையால் தள்ளினால் தளர்வாகப் போய், விட்டதும் தன் ஸ்பிரிங்காலேயே சட்டென்று திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் அச்சை நாப்தாவில் (பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்த தூரிகையால் கழுவுங்கள்.

இரண்டும் சரி என்றால் இயந்திரத்தை வெளியே எடுத்து, எஸ்கலேட்டரில் கையால் காசு வைத்து, இயக்குநெம்பைத் தள்ளிப் பாருங்கள். மேசையில் ஓடுகிறது, பெட்டிக்குள் ஓடவில்லை என்றால் இயந்திரத்தில் பிழை இல்லை. அது தண்டவாளத்தில் கடைசிவரை போய் உட்காரவில்லை, அல்லது கைப்பிடியின் முட்கரண்டி இயந்திரத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. தண்டவாளத்தின் முன்மூலையில் விழுந்து கிடக்கும் ஒரே ஒரு காசு இதைச் செய்யப் போதும். பலரும் இந்தச் சோதனையைச் செய்யாமலே நல்ல இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

எந்த நிலையிலும் கைப்பிடியை பலம் போட்டு இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பாகங்களில் பல வார்ப்பு, வளையாது, உடையும்.

பாதியில் நிற்கிறது, அல்லது மேலே திரும்புவதில்லை

பாதி இழுவையில் கெட்டியாக முட்டுகிறது என்றால் பெரும்பாலும் பட்டுவாடா ஸ்லைடு. ஸ்லைடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பரிசுக் காசு சேரும் டியூபிலுள்ள காசு அவற்றின் துளைகள் வழியே அடுக்காக நிற்கும். ஒரு காசு இரண்டு ஸ்லைடுகளின் எல்லையில் குறுக்காக மாட்டினால் ஸ்லைடு திரும்பாது, கைப்பிடியும் அங்கேயே நிற்கும். டியூபைக் காலி செய்து, மரக்குச்சியால் காசைக் கீழிருந்து மேலாகத் தள்ளி எடுங்கள். திருப்புளியால் நெம்பினால் துளையின் ஓரம் பிசிறடித்து, அடுத்த காசும் அங்கேயே மாட்டும்.

மாட்டிய காசை அப்படியே தூக்கிப் போட்டுவிடாமல் அளந்து பாருங்கள். அமெரிக்க கால் டாலர் 24.26 மி.மீ. அகலம், 1.75 மி.மீ. தடிப்பு. கனடா கால் டாலர் 23.88 அகலம், 1.58 தடிப்பு. பத்துக் காசு அடுக்கினால் வித்தியாசம் 1.7 மி.மீ., ஏறக்குறைய ஒரு முழுக் காசு. அந்த அளவு அடுக்கு தாழ்ந்தால் ஏதோ ஒரு காசு எல்லையில்தான் நிற்கும். டியூபில் கனடா காசு ஒன்றிரண்டு கலந்திருந்தாலும் மெஷின் அவ்வப்போது மாட்டும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பீர்கள். மிகவும் தேய்ந்த காசும் இப்படித்தான். ஐந்து சென்ட் மெஷினுக்கு 21.21 மி.மீ. அகலமும் 1.95 தடிப்பும், பத்து சென்டுக்கு 17.91, 1.35. அமெரிக்காவில் 1965இல் கால் டாலரிலும் பத்து சென்டிலும் வெள்ளி நின்றது, எடை குறைந்தது, ஆனால் அளவு மாறவில்லை. அதனால் இன்றைய காசு இந்த மெஷின்களில் தாராளமாக ஓடும்.

கைப்பிடி தளர்வாக இறங்கி, மேலே வராமல் தொங்கினால் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடிக் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெரிய திருப்பு ஸ்பிரிங்கும், பாதியில் கைவிட்டுத் திருப்ப முடியாதபடி பற்களில் பிடிக்கும் நாக்கும் இருக்கும். நாக்கு கிரீஸில் ஒட்டிக்கொண்டால் கைப்பிடி இருந்த இடத்திலேயே நிற்கும்.

காசு போடாமலே கைப்பிடி வருகிறது

முதலில் ரப்பர் பேண்டோ மெல்லிய கம்பியோ கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விளையாட வசதியாக முந்தைய உரிமையாளர் உணர்விரலைக் கட்டி வைத்திருப்பது மிகச் சாதாரணம். கட்டு இல்லாவிட்டால் விரல் விலகிய நிலையில் ஒட்டியிருக்கிறது, அல்லது ஆடி முடிந்த காசு எஸ்கலேட்டரிலிருந்து நகராமல் அதே இடத்தில் நின்று மறுபடி மறுபடி உணரப்படுகிறது.

ரீல் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

நிறுத்துக் கைகளைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு ரீலையும் விரலால் தட்டுங்கள். பல சுற்று போய்த் தானாக நிற்க வேண்டும். ஒன்றிரண்டு சுற்றில் நின்றால் நடு அச்சில் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. ரீல் தொகுதியை முழுதாக எடுத்து அச்சைக் கழுவி, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். ரீலைச் சுற்றியுள்ள, படங்கள் அச்சிட்ட காகிதப் பட்டையில் நாப்தா படக் கூடாது. பழைய அச்சு மை கரைந்துவிடும்.

மூன்று ரீலும் தளர்வாக இருந்தும் உதை பலமில்லை என்றால் கிக்கர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை வெட்டிச் சுருக்கி இழுவையைக் கூட்டாதீர்கள். அளவான புது ஸ்பிரிங்குகள் இப்போதும் சேகரிப்போருக்கான பாகக் கடைகளில் கிடைக்கின்றன.

ரீல் நிற்பதே இல்லை, அல்லது ஒன்று நின்று மற்றவை நிற்கவில்லை

வீட்டு மெஷின்களில் அதிகம் வரும் கோளாறு இதுதான், காரணம் கிளாக். பல வருடம் ஓடாமல் கிடந்த மெஷினில் கிளாக் எண்ணெய் வார்னிஷ் போல் ஆகிவிடும். அதன்மேல் துருநீக்கி ஸ்ப்ரே அடித்தால் அன்று மாலை ஓடும். சில வாரத்தில் பழைய பசையும் புதுப் பசையும் சேர்ந்து முன்பைவிடக் கெட்டியாக நிற்கும்.

கிளாக்கை முழுதாக ஓடி முடிக்கவிட்டு, முறுக்கு இல்லாத நிலையில் கழற்றுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் நாப்தா ஊற்றி அது முழுதும் மூழ்கும்படி சில மணி நேரம் ஊறவிடுங்கள். திறந்த வெளியில், அடுப்பும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். நாப்தா கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் ஆகும். ஆனால் அது எண்ணெய்ப் படலம் விடும், கடைசியில் ஆல்கஹாலில் ஒருமுறை அலசியாக வேண்டும். மெல்லிய தூரிகையால் பற்களையும், கூர்மையாக்கிய பல்குச்சியால் அச்சுத் துளைகளையும் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை திரவத்தை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்தபின், ஊசி நுனியில் எடுத்த கடிகார எண்ணெயை ஒவ்வொரு அச்சு முனையிலும் தொட்டு வையுங்கள், அவ்வளவுதான். பற்களில் எண்ணெய் வேண்டாம். கையில் பிடித்து முறுக்கேற்றி விட்டால் ஃபேன் தடையில்லாமல் ஒரே சீராகச் சீறி, கடைசியில் தானாக ஓய வேண்டும்.

வெளியே நன்றாக ஓடும் கிளாக் உள்ளே வைத்ததும் நிற்கிறதா? அப்படியானால் சுமை வேறிடத்திலிருந்து வருகிறது: நிறுத்துக் கைகளின் அச்சு இறுகி, அவற்றை விடுவிக்க கிளாக் சிரமப்படுகிறது. கைகளைக் கழுவுங்கள், கிளாக்கைத் திரும்பவும் பிரிக்க வேண்டாம்.

மூன்று ரீலும் ஒரே நேரத்தில் டக்கென்று நின்றால் நிலைமை நேர்மாறு. ஃபேன் அச்சிலிருந்து வழுக்குகிறது, அல்லது ஒரு பல்சக்கரம் தேய்ந்து தாவுகிறது. ஃபேன் இறக்கையை வளைத்து வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது பயனில்லாத வேலை. கிளாக்கையே மாற்றிவிடுவது மேல்.

சில மெஷின்களில் ஓடும் நேரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் மாறும். அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். 1940களின் இறுதியில் நெவாடாவில் சிலர் கிளாக்கின் மாறாத கால அளவை மனப்பாடம் செய்து, கைப்பிடியைத் தாளம் தவறாமல் இழுத்து, வேண்டிய படங்களை வரவழைத்தார்கள். அதைத் தடுக்கக் கிளாக்கில் வேரியேட்டர் என்ற சிறு பாகம் சேர்க்கப்பட்டது. உங்கள் கிளாக்கில் கூடுதலாக ஒரு சக்கரமோ தகடோ இருந்து நேரம் மாறினால், கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்த மெஷின் சூதாட்டக் கூடத்தில் வேலை பார்த்ததற்கான தடயமாக இருக்கலாம் அது.

படங்கள் கோட்டில் நிற்கவில்லை

நிறுத்துக் கை பள்ளத்தின் அடிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காமல் விளிம்பில் துள்ளினால் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பள்ளம் தேய்ந்திருக்கும். அடிவரை இறங்கியும் படம் மேலோ கீழோ நின்றால் கோளாறு காகிதப் பட்டையில்.

ஒவ்வொரு ரீலிலும் 20 நிறுத்தங்கள். புதிதாக அச்சடித்த பட்டையை ஒரு நிறுத்தம் தள்ளி ஒட்டிவிட்டால் படம் நேராகத்தான் நிற்கும், ஆனால் எலுமிச்சைக்குக் காசு கொட்டும், மணிக்கு எதுவும் வராது. மெஷின் படத்தைப் பார்ப்பதில்லை, வட்டிலுள்ள துளையை மட்டுமே அறியும். பட்டையை எடுக்குமுன் ரீலின் உலோகத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவையுங்கள். ஏற்கெனவே தவறாக ஒட்டியிருந்தால், மூன்று பார் (BAR என்று எழுதிய படம்; ஜாக்பாட் எனும் பெரும்பரிசுக்கு உரியது) வரவேண்டிய துளைகளைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். ஜாக்பாட் துளை மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருப்பதால் அதுவே நல்ல அடையாளம்.

ஜெயித்தும் காசு வரவில்லை, குறைவாக வருகிறது

டியூபில் காசு எவ்வளவு இருக்கிறது? மூன்று பாருக்கு 20 காசு கொடுக்க வேண்டிய மெஷினில் டியூப் பாதிகூட இல்லாவிட்டால் குறைவாகத்தான் கொட்டும். முதலில் நிரப்புங்கள். டியூப் நிறைந்தபின் வரும் காசுதான் ஜாக்பாட்டுக்கும், அதுவும் நிறைந்தால் காசுப் பெட்டிக்கும் போகும்.

நிறைந்திருந்தும் குறைந்தால் ஒவ்வொரு பரிசையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இயந்திரத்தை மேசையில் வைத்து, ரீல்களைக் கையால் வேண்டிய படத்தில் நிறுத்தி, சுற்றை முடியவிட்டு, விழுந்த காசை எண்ணுங்கள். 3-5 என்று சொல்லப்படும் வகையில் இரண்டு செர்ரிக்கு 3, அதோடு மணியோ எலுமிச்சையோ சேர்ந்தால் 5, ஆரஞ்சுக்கு 10, பிளம்முக்கு 14, மணிக்கு 18, மூன்று பாருக்கு 20. பழைய 2-4 வகையில் எண்கள் வேறு. உங்கள் முகப்பிலுள்ள பரிசு அட்டையைப் பின்பற்றுங்கள். ஒரு பரிசு மட்டும் தவறினால் அந்த ஸ்லைடு, அந்த விரல். எல்லாப் பரிசும் தவறினால் ஸ்லைடு அடுக்கு முழுதும் அழுக்கு.

ஸ்லைடுகளைப் பிரித்து, வரிசையை எண்ணிட்டு, கழுவி, உலரவிட்டு அப்படியே பூட்டுங்கள். எண்ணெய் ஒரு துளிகூட வேண்டாம். காசு போகும் பாதை முழுவதும் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் காசின் அழுக்கு ஒட்டிக் கறுப்புப் பசையாகும். அடுத்த வருடம் இதே பத்தியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

ஜாக்பாட்

மூன்று பாரில் 20 காசு வந்து, முகப்பு ஜன்னலில் உள்ள காசு மட்டும் விழவில்லை என்றால், இயந்திரத்திலிருந்து முகப்புக்குப் போகும் தட்டு நெம்பு ஜாக்பாட் கொக்கியை எட்டவில்லை. இங்கும் முதல் சந்தேகம் இயந்திரம் கடைசிவரை உட்காராததுதான். சாதாரண வெற்றிகளிலேயே ஜாக்பாட் திறந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது.

வாங்கும்போது இருந்த ஓட்டம் வீட்டுக்கு வந்ததும் போய்விட்டது

ஏற்றிவந்தபோது டியூபிலும் ஜாக்பாட்டிலும் இருந்த காசு சிதறி, நெம்புகளுக்கு நடுவே விழுந்திருக்கும். கைப்பிடியைத் தொடுமுன் இயந்திரத்தை வெளியே எடுத்து, விளக்கு பிடித்து எல்லாக் காசையும் பொறுக்குங்கள். ஏற்றுமுன் காசு முழுவதையும் எடுத்துவிட்டு, இயந்திரத்தைத் தனிப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பணம் கொடுக்குமுன்

சாவி இல்லை என்று சொல்லி விற்கும் மெஷினை, உள்ளே இயந்திரமே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பின்கதவு திறந்தால் அதிகம் கெடுக்கப்படாத ஒன்றா என்று பாருங்கள்: 1930களின் மெஷினில் கூட்டல்குறித் தலை ஸ்க்ரூக்கள் இருந்தால் யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். வார்ப்பு முழுதும் புத்தம்புதிதாக மின்னி, மரம் மட்டும் பழையதாக இருந்தால் முகப்பு மறுவார்ப்பு. எண் பொறித்த இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அவை ஒத்துப்போக வேண்டும். மூலப் பெயின்ட் மங்கியிருந்தாலும் அதைச் சுரண்டிப் பாலிஷ் போடாதீர்கள். சேகரிப்பாளர்கள் மதிப்பது அந்த மங்கலைத்தான். ஐந்து சென்டிலிருந்து கால் டாலருக்கு மாற்றிய மெஷினில் வாய், எஸ்கலேட்டர், டியூப், ஸ்லைடு எல்லாமே மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வாழ்நாள் முழுக்க மாட்டும்.

சட்டத்தையும் வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1951இல் வந்த ஜான்சன் சட்டம் சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகிறது. சொந்தமாக வைத்துக்கொள்வது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 25 வயதைத் தாண்டிய மெஷின் பழம்பொருளாக ஏற்கப்படுகிறது. சில மாநிலங்கள் குறிப்பிட்ட ஆண்டை எல்லையாக வைத்திருக்கின்றன. சில முழுதாகத் தடுக்கின்றன. அனுமதி உள்ள இடத்திலும் பணம் வைத்து ஆடக் கூடாது.

வீட்டில் வைக்கும்போது சாதாரண மேசையில் வைக்காதீர்கள். 40 கிலோ அளவுக்கு எடையுள்ள மெஷின், கைப்பிடி இழுக்கும் ஒவ்வொரு முறையும் முன்பக்கம் சாயப் பார்க்கும். அடிப்பலகைத் துளைகள் வழியே போல்ட் போட்டு, கனமான மர ஸ்டாண்டில் முடுக்குங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டாண்டையும் சுவரோடு சேர்த்துப் பிணைத்துவிடுங்கள்.